எதை எழுதுவது என்று எப்படித் தீர்மானிப்பது: பர்மாவில் தமிழில் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிலும் கோயில் வகுப்பிலும் கற்ற தமிழைக் கொண்டு பர்மாவில் எழுத முனையும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அவர்கள் எழுதியதை வாசிக்கும்போது அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஒற்றுப்பிழையும் வாக்கியப் பிழையும் எழுத எழுதத் திருந்திவிடும். ஆனால் தமக்குப் பொருந்தாத பொருளை எடுத்துக்கொண்டவர் மூன்று நான்கு கட்டுரைகளிலேயே சொல்ல ஒன்றுமின்றிச் சோர்ந்துபோய், தமக்கு எழுத்து வராது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார். ஆகவே எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு முன்பாக, எதை எழுதுவது, அதை ஏன் நாம் எழுத வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பது எப்படி என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

புதிதாக எழுதுவோர் கை பெரும்பாலும் இரண்டு பொருள்களில் ஒன்றை நாடுகிறது. முதலாவது தமிழ்நாட்டுத் திரைப்படமும் அரசியலும். இவற்றைப் பற்றி நமக்கு ஆர்வம் இருப்பது இயல்பே. ஆனால் சென்னையில் படம் வெளியான அன்றே அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, யாங்கூனில் கைப்பேசித் திரையில் அதைப் பார்த்த நாம் அவர்கள் சொல்லாத எதைச் சொல்லப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும். இரண்டாவது பொருள் பர்மாத் தமிழரின் முழு வரலாறு. இது நம்முடைய பொருள்தான், ஆனாலும் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது, ஐராவதிக் கழிமுகத்தில் நெல் சாகுபடி பெருகியது, செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், 1942இல் மக்கள் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள், 1964இல் மறுபடியும் கப்பலேறினார்கள் என்ற வரிசை ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே மாதிரியாக வருகிறது. அதில் பிழை இல்லை. ஆனால் அதைப் படித்து முடித்தவருக்கு, எழுதியவர் எந்த ஊர்க்காரர், அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது தெரிவதே இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து யாரும் எழுதிவிடக்கூடிய ஒன்றை நாமும் எழுதியிருக்கிறோம்.

நான் பரிந்துரைப்பது ஒரே ஓர் அளவுகோல். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராலும் எழுத முடியாத பொருள் எதுவோ, அதை முதலில் எடுங்கள். இதற்குப் பெரிய அறிவோ அரிய அனுபவமோ தேவையில்லை. ஓரிடத்தில் இருந்ததும், ஒருவரிடம் கேட்க முடிந்ததும், ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்ததும் போதும்.

ஏன் எழுதுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்து, மௌல்மீனிலும் பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல், 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில், எழுத்தாளர்களை எழுதத் தூண்டுவன நான்கு என்று குறிப்பிட்டார்: பிறர் தம்மைப் பற்றிப் பேச வேண்டும் என்ற தன்முனைப்பு, சொல்லின் அழகிலும் உலகின் அழகிலும் உள்ள ஈடுபாடு, நடந்ததை நடந்தவாறு கண்டறிந்து பின்வருவோருக்காகப் பதிந்துவைக்கும் விருப்பம், சமூகத்தை ஒரு திசையில் நகர்த்த வேண்டும் என்ற அரசியல் நோக்கம். இந்த நான்கும் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும் என்றும் அவர் சொல்கிறார். நம் நிலைமைக்கு மூன்றாவதுதான் மிகவும் பயன்படும் என்பது என் கருத்து. முதலாவதை நம்பித் தொடங்கியவர், பாராட்டு குறைந்த அன்று நிறுத்திவிடுவார்; நான்காவதை மட்டும் நம்பியவர், தாம் விரும்பும் முடிவுக்கு ஏற்றபடி செய்திகளைப் பொறுக்கத் தொடங்கிவிடுவார். பதிந்துவைக்க விரும்புகிறவருக்கோ படிப்பவர் பத்துப் பேராக இருந்தாலும் வேலை குறைவதில்லை.

தமிழிலேயே இதற்கு மிக நல்ல முன்மாதிரி ஒன்று நம் ஊரில் இருந்திருக்கிறது. வெ. சாமிநாத சர்மா 1930களின் பிற்பகுதியில் ரங்கூனிலிருந்து, அதாவது இன்றைய யாங்கூனிலிருந்து, 'ஜோதி' என்ற இதழை நடத்தினார். அவர் உலக அரசியலையும் பிற நாட்டு வரலாறுகளையும் எழுதினார். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழ் வாசகனுக்கு அவனுடைய மொழியில் இவை கிடைக்கவில்லை, கிடைத்தாக வேண்டும் என்பதே அந்தத் தேர்வுக்கு அடிப்படை. 1942இல் ஜப்பானியப் படை முன்னேறிவந்தபோது ஏனைய பல்லாயிரக்கணக்கானவர்களைப் போல அவரும் நடந்து இந்தியா சேர்ந்தார். அந்த நடைப்பயணத்தையும் எழுதினார். முதல் வகை எழுத்துக்குக் காரணம் வாசகனிடம் இருந்த வெற்றிடம். இரண்டாவதற்குக் காரணம் தாம் சாட்சியாக இருந்தமை. இவ்விரண்டில் ஒன்றாவது உங்கள் பொருளுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது நீண்ட படிப்பைக் கோருவது; ஆகவே தொடங்குகிறவர்கள் இரண்டாவதைப் பற்றிக்கொள்வதே நல்லது.

நான் சாட்சியாக இருக்க என் வாழ்க்கையில் என்ன பெரிய நிகழ்ச்சி நடந்தது என்று சிலர் கேட்பார்கள். சாட்சி என்பது பெரும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் உரியதன்று. தட்டோன் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடும் தமிழ்க் குடும்பத்தில், அறுவடைக் கூலி எப்படிப் பேசப்படுகிறது, எந்த மொழியில் பேசப்படுகிறது, கூலியில் நெல் எவ்வளவு, பணம் எவ்வளவு என்பதை அங்கே இருப்பவரைத் தவிர எவராலும் சரியாக எழுத முடியாது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பர்மியப் பெயரும் வீட்டில் ஒரு தமிழ்ப் பெயருமாக வளர்வது எப்படிப்பட்டது என்பதும் அப்படித்தான். இங்கே பிறந்த நமக்கு அது வழக்கமாகிவிட்டதால், எழுதத்தக்கது என்றே தோன்றுவதில்லை.

பெரிய பொருளைக் கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருக்குவது

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம். உங்கள் மனத்தில் இருப்பது '1964' என்று வைத்துக்கொள்வோம். 1962 மார்ச் 2ஆம் நாள் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத் தளபதி நே வின் அரசு, 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை நாட்டுடைமையாக்கியது. அதே ஆண்டு மே 17ஆம் நாள் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவித்தது. கடையும் கையிருப்பும் போன இந்தியர்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினார்கள். இந்த மூன்று வரிகளுக்கு மேல் ஒரு புதிய எழுத்தாளரால் இந்தப் பொருளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. இதை மூன்று படிகளில் சுருக்க வேண்டும்.

முதல் படி இடம். பர்மா முழுவதையும் விட்டு ஒரு தெருவுக்கு வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் அன்று எந்தத் தெருவில் இருந்தாரோ அந்தத் தெரு. இரண்டாம் படி காலம். ஆண்டு முழுவதையும் விட்டு ஒரு வாரத்துக்கு வாருங்கள். நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்த வாரமே போதுமானது. மூன்றாம் படி பொருள். துயரம், இழப்பு போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, அந்த வாரத்தில் அந்த வீட்டில் பணம் எங்கே வைக்கப்பட்டிருந்தது, அறிவிப்பைச் சொன்னது வானொலியா பக்கத்து வீட்டுக்காரரா, அடுத்த நாள் அரிசி வாங்கியது எந்தக் காசில், கடனுக்குப் பொருள் கொடுத்தவர் தமிழரா பர்மியரா, போவதா இருப்பதா என்று வீட்டில் முடிவு செய்தவர் யார் என்று கேளுங்கள். இப்போது உங்கள் கட்டுரையின் பொருள் '1964' அன்று. ஒரு வீடு ஒரு வாரத்தை எப்படிக் கடந்தது என்பதே. இதை எழுத உங்களுக்கு வரலாற்றுப் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் போதும். அன்று பதினைந்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது என்பதால், வேறு பொருள்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் எடுப்பதற்கும் நியாயம் இருக்கிறது.

போனவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சென்னையில் பர்மா பஜார் இருப்பதும், தமிழ்நாட்டின் பல நகரங்களில் பர்மா காலனிகள் இருப்பதும், மணிப்பூர் எல்லையில் மோரேயில் தமிழர்கள் குடியேறியதும் பலருக்கும் தெரிந்தவை. போகாமல் இருந்துவிட்டவர்கள் ஏன் இருந்தார்கள் என்பதை எழுதக்கூடியவர்கள் நாம் மட்டுமே. கையில் பத்திரம் இல்லாத நிலமா, பர்மியப் பெண்ணை மணந்திருந்ததா, ஊருக்குப் போனால் அங்கே யாரும் இல்லை என்பதா, நோயாளித் தாயை விட்டுப் போக முடியாததா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்கள் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

புள்ளிவிவரம் உங்கள் பொருளுக்குப் பின்னணியாக வரலாம், பொருளாகிவிடக் கூடாது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை வீழ்ந்து, அடமானம் மூழ்கிய பிறகு, 1938இல் அது 25 விழுக்காடானது. இந்த இரண்டு எண்களும் மிக முக்கியமானவை. பர்மிய விவசாயி இந்தியர் மீது கொண்ட கசப்புக்கு அவற்றில் விளக்கம் இருக்கிறது. ஆனால் உங்கள் பொருள் ஒரு கிராமத்தில் செட்டியார் கடன் கொடுத்த கிட்டங்கியின் கணக்கேடாக இருந்தால், அந்த ஏட்டின் ஒரு பக்கத்தில் ஒருவர் பெயரில் ஏறிக்கொண்டே போன வட்டியைக் காட்டிவிட்டு, பிறகு இந்த எண்களுக்கு வாருங்கள். எண்ணை முதலில் சொன்னால் வாசகர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஏட்டின் பக்கத்தைக் கண்ட பிறகு சொன்னால் அந்த எண்ணின் கனம் அவருக்குப் புரியும்.

பொருள் கிடைக்கும் இடங்கள்

எழுத ஒன்றும் தோன்றாத நாளில் கோயிலுக்குப் போங்கள். 1871இல் எழுப்பப்பட்ட யாங்கூன் காளி கோயிலாக இருந்தாலும் சரி, பெகுவிலோ மௌல்மீனிலோ உள்ள சிறு மாரியம்மன் கோயிலாக இருந்தாலும் சரி, சுவரிலும் தூணிலும் படிக்கட்டிலும் உபயக் கல்லோ பலகையோ பதித்திருப்பார்கள். அவற்றில் பெயர், ஊர், ஆண்டு, சில இடங்களில் தொழில், சில இடங்களில் கொடுத்த தொகை ஆகியவை இருக்கும். எந்த ஆண்டுகளில் உபயம் குவிகிறது, எந்த ஆண்டுகளில் ஒன்றுமே இல்லை, எப்போது தமிழ்ப் பெயர்களோடு பர்மியப் பெயர்கள் சேரத் தொடங்குகின்றன, எப்போது கல்லின் எழுத்து தமிழிலிருந்து பர்மியத்துக்கு மாறுகிறது என்று ஒரு கோயிலில் மட்டும் வரிசையாகக் குறித்துப் பாருங்கள். ஒரு நல்ல கட்டுரைக்குத் தேவையான அனைத்தும் அந்தக் குறிப்பில் இருக்கும். மழையும் பாசியும் எழுத்தை அரித்துக்கொண்டிருக்கின்றன. திருப்பணியின்போது பழைய கற்களைப் பெயர்த்து எறிந்துவிடுவதும் உண்டு. ஆகவே கோபுரத்துக்கு வண்ணம் பூசப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன் கைப்பேசியோடு போய்ப் படமெடுத்துவிடுங்கள்.

திருவிழாக்கள் பலரும் எழுதும் பொருள்; பெரும்பாலும் ஒரே மாதிரியாக எழுதும் பொருளும் கூட. தீமிதித் திருவிழாவில் கூட்டம் அலைமோதியது, பக்தர்கள் பரவசமடைந்தார்கள் என்று எழுதுவதால் அடுத்த ஆண்டுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. விறகு எங்கிருந்து வந்தது, குழியை வெட்டுவது எந்தக் குடும்பத்தின் உரிமை, காப்புக் கட்டிய பர்மியர்கள் யார், அவர்கள் எந்த வேண்டுதலுக்காக இறங்குகிறார்கள் என்பவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து அந்த ஒன்றிலேயே நில்லுங்கள்.

வீட்டுப் பெட்டியில் இருப்பவற்றையும் மறக்க வேண்டாம். பழைய திருமண அழைப்பிதழ், புகைப்படத்தின் பின்புறத்து எழுத்து, ஊரிலிருந்து வந்த கடிதங்களின் கடைசிக் கடிதம் ஆகிய ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியது. கடிதப் போக்குவரத்து எந்த ஆண்டில் நின்றது, ஏன் நின்றது என்ற கேள்வியை எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு விடை கிடைக்கும்.

யாருக்காக எழுதுகிறோம் என்பதும் பொருளைத் தீர்மானிக்கும்

நம் எழுத்தை மூன்று வகையினர் வாசிக்கக்கூடும்: பர்மாவிலேயே வாழும் தமிழர்கள், தாத்தாவோ பாட்டியோ பர்மாவிலிருந்து திரும்பியதால் அந்த ஊர்ப் பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பத்தினர், பர்மாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிற தமிழர்கள். சித்திரைப் பிறப்பையும் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞானையும் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மேஷ ராசிக்குள் புகுவதைக் கணக்கிட்டே இரண்டும் அமைவதால், ஏப்ரல் நடுவில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. முதல் வகையினருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை; அவர்களுக்கு எழுத வேண்டியது, தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றும் நாளில் நம் வீட்டுப் பூசையும் விருந்தும் எப்படி இடம் கண்டுபிடிக்கின்றன என்பது. மூன்றாம் வகையினருக்கோ அந்த அடிப்படைச் செய்தியே வியப்பைத் தரும்.

இரண்டாம் வகையினரைப் புதிய எழுத்தாளர்கள் அநேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கோ அவர்கள்தான் மிகுந்த அக்கறையுள்ள வாசகர்களாகத் தோன்றுகிறார்கள். சென்னையில் அத்தோ என்ற பர்மிய உணவை ஆரஞ்சு நிற நூடுல்ஸும் முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுக்கிறார்கள். இங்கே வாழைத்தண்டு, மொய்ங்கா என்ற நூடுல்ஸ் உணவின் மீன் குழம்பிலேயே வெந்துகொண்டிருக்கிறது. அங்கே உள்ளவர் அந்தத் தட்டை மட்டும் அறிவார். இங்கே உள்ளவர் இந்தக் கிண்ணத்தை மட்டும் அறிவார். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்பதை இங்கிருந்து ஒருவர் எழுதினால், கடலுக்கு அப்பால் அதை நான்கு முறை வாசிப்பார்கள். ஒரு தெருவின் இன்றைய நிலையை எழுதினாலும் அப்படியே. அந்தத் தெருவில் பிறந்த யாரோ ஒருவருடைய பேரன் அதற்காகக் காத்திருக்கிறான்.

எழுதக் கூடாதவை

நல்ல பொருளாக இருந்தும் விட்டுவிட வேண்டியவை சில உண்டு. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்து, இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிற அட்டைகளைக் கொண்டுவந்தது. சட்டத்தைப் பற்றி எழுதலாம். ஆனால் உயிரோடிருக்கும் ஒருவர் கையில் எந்த நிற அட்டை இருக்கிறது, அவர் அதை எப்படிப் பெற்றார் என்பதை எழுதக் கூடாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, வெளிநாட்டுக்குப் போன பிள்ளை எந்த வழியாகப் போனான், யாருக்கு எந்த அரசியல் சார்பு என்பவையும் அப்படியே. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். சிறிய ஊரில், கடையின் பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தெரிந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். உங்கள் எழுத்தின் விளைவை நீங்கள் ஏற்கத் தயாராக இருக்கலாம். அதை உங்களிடம் பேசிய பெரியவர் ஏற்க வேண்டியிருக்கும் என்றால் அந்தப் பொருளைத் தள்ளிவையுங்கள். குறிப்புகளை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் அவை பயன்படும்.

கோயில் நிர்வாகச் சண்டைகளையும் பங்காளிச் சண்டைகளையும் நான் தவிர்க்கச் சொல்வேன். அவற்றை எழுத உட்காரும்போது, பதிந்துவைக்கும் விருப்பம் பின்னுக்குப் போய், ஒரு பக்கத்தை வெல்லவைக்கும் விருப்பம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

தேர்ந்தெடுத்த பொருளைச் சோதிப்பது

பொருள் ஒன்று முடிவானதும், எழுதத் தொடங்கும் முன், அதைப் பற்றி உங்களுக்கு விடை தெரியாத கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். கேள்வி ஒன்றும் வரவில்லை என்றால் அந்தப் பொருள் உங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. எழுதினாலும் அதில் வாசகருக்குக் கண்டுபிடிப்பு இருக்காது. ஏழெட்டுக் கேள்விகள் வந்து, அவற்றில் பாதிக்காவது யாரைக் கேட்டால் விடை கிடைக்கும் என்று தெரிந்தால் அந்தப் பொருளை எடுக்கலாம். எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்தியாவிலோ இலண்டனிலோ உள்ள ஆவணங்களில்தான் இருக்கிறது என்றால், இப்போதைக்கு வேறொன்றைத் தேடுங்கள்.

அடுத்து, அந்தப் பொருளை வாய்விட்டு ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நம் இளைஞர்களில் பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் பர்மியத்தில்தான் வாசிப்பார்கள்; தனியார் பள்ளிகள் 1965இல் நாட்டுடைமையான பிறகு தமிழ் எழுத்து கோயில் வகுப்புகளை நம்பியே பிழைத்திருப்பதால் ஏற்பட்ட நிலை இது. அப்படிப்பட்ட ஒருவர் நீங்கள் சொல்வதைக் கேட்டு, இடையில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால், அவர் குறுக்கிட்ட இடத்தில்தான் உங்கள் கட்டுரையின் மையம் இருக்கிறது.

ஒரே பொருளில் தொடர்ந்து எழுதுவதா, மாற்றி மாற்றி எழுதுவதா என்று கேட்பவர்களுக்கு, முதல் ஆண்டில் ஒரே இடத்தைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்வேன். ஒரு தெருவையோ ஒரு கோயிலையோ ஒரு சந்தையையோ எடுத்துக்கொண்டு அதன் வெவ்வேறு பக்கங்களை எழுதினால், இரண்டாவது கட்டுரையைப் படித்தவரே மூன்றாவதுக்கான செய்தியைக் கொண்டுவந்து கொடுப்பார். உங்களைத் தேடி வந்து தம் வீட்டுக் கணக்கேட்டைக் காட்டுவோரும் வருவார்கள். அப்படி ஒருவர் தந்ததை வைத்து எழுதியதை வெளியிடும் முன், அவர் முன்னால் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொல்லும் வரி எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.